பி27 உட்கருவுக்கு வெளியேயும் நிறமேறினால் எப்படி மதிப்பெண் இடுவது?

பாரஃபின்:
மார்பகப் புற்றுக்கட்டிகளில், செல் பிரிவைக் கட்டுப்படுத்தும் பி27 புரதத்துக்கு இம்யூனோ ஸ்டெயினிங் (புரதம் இருக்கும் இடத்தை ஆன்டிபாடி மூலம் பழுப்பாக்கிக் காட்டும் முறை) செய்கிறோம். சில கட்டிகளில் உட்கரு மட்டும் பழுப்பாகிறது. சிலவற்றில் உட்கரு வெளிறி, சைட்டோபிளாசம் நிறமேறுகிறது. இரண்டிலும் நிறம் வருவதும் உண்டு. இஆருக்கு (ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு) செய்வதுபோல உட்கருவை மட்டும் எண்ணிவிட்டு, மற்றதைப் பின்னணி நிறம் என்று தள்ளலாமா?

நுண்ணோக்கி:
தள்ளாதீர்கள். இஆருக்கு உட்கருவை மட்டும் பார்ப்பதற்குக் காரணம், ஹார்மோன் சிகிச்சைக்கான, 1% செல்கள் என்ற வரம்பே உட்கரு நிறத்தை வைத்து வகுக்கப்பட்டது என்பதுதான். ஹெர்2 என்ற ஏற்பிப் புரதத்துக்குச் செல்சவ்வு மட்டுமே கணக்கு. பி27 அப்படியல்ல, அது எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்து அதன் வேலையே மாறுகிறது.

உட்கருவில் இருக்கும்வரை செல் பிரிவைத் தூண்டும் சிடிகே2 நொதியைத் தடுத்து, செல் பிரிவதை நிறுத்தி வைக்கும். ஏகேடி நொதி அதன் 157ஆம் இடத்திலுள்ள திரியோனின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டைச் சேர்த்துவிட்டால் உள்ளே நுழைய முடியாமல் சைட்டோபிளாசத்தில் தேங்கும். மார்பகக் கட்டிகளில் இது நடப்பதை 2002இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மோசமான நோய்ப்போக்கோடு இதற்குத் தொடர்பு இருப்பதும் அப்போதே தெரிந்தது. தேங்கிய பி27 சும்மாவும் கிடப்பதில்லை: செல்லின் உட்சட்டகத்தைக் கட்டுப்படுத்தும் ரோஏ புரதத்தைத் தடுத்து, செல் இடம்பெயர உதவுகிறது.

எனவே உட்கருவுக்கு ஒன்று, சைட்டோபிளாசத்துக்கு ஒன்று என இரண்டு எச்-ஸ்கோர் இடுங்கள்: மெல்லிய நிறமுள்ள செல்களின் சதவீதம் × 1, நடுத்தரம் × 2, அடர்த்தி × 3, கூட்டினால் 0 முதல் 300 வரை வரும். இரண்டு எண்களையும் ஒன்றாகக் கூட்டிவிடக் கூடாது. உள்ளே 200, வெளியே 20 உள்ள கட்டியும், உள்ளே 20, வெளியே 200 உள்ள கட்டியும் ஒன்றுபோல் ஆகிவிடும். நீங்கள் தேடும் விஷயமே அங்கே தொலைந்துபோகும்.

ஸ்லைடுமேடை:
அதற்கு முன், அந்தப் பழுப்பு உண்மையா என்று பாருங்கள். அதே ஸ்லைடில் கட்டிக்கு இடையே கிடக்கும் லிம்ஃபோசைட்டுகளின் (ஒருவகை வெள்ளணுக்களின்) உட்கரு நன்றாக நிறமேறியிருக்க வேண்டும். அவையும் வெளிறியிருந்தால் அந்த ஸ்லைடைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கோளாறு திசு பதப்படுத்தியதிலோ ஆன்டிஜென் மீட்பிலோ (ஃபார்மலின் மறைத்த புரதத்தைச் சூடேற்றி வெளிக்கொணரும் படியிலோ) இருக்கும். திசுவை வெட்டியெடுத்த 1 மணி நேரத்துக்குள் 10% நடுநிலை பஃபர் ஃபார்மலினில் இட்டு, 6 முதல் 72 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். பெரிய கட்டியை அறுக்காமல் அப்படியே போட்டால் ஃபார்மலின் நடுப்பகுதியை எட்டாது. ஓரத்தில் ஒரு நிறமும் நடுவில் வேறொன்றும் வரும்.

சைட்டோபிளாசத்தில் மணல் தூவியதுபோல் நிறம் தெரிந்தால் செல்லின் சொந்த பயோட்டினைச் சந்தேகியுங்கள். சூடேற்றி மீட்கும்போது அது வெளிப்பட்டு நிறமேற்றும் வினைப்பொருளிலுள்ள அவிடினோடு ஒட்டிக்கொள்ளும். அவிடின் இல்லாத பாலிமர் முறைக்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லை. முதல் ஆன்டிபாடிக்குப் பதில் அதே இனத்தின் சாதாரண ஐஜிஜி ஆன்டிபாடி இட்ட ஸ்லைடு ஒன்று ஒவ்வொரு தொகுதியிலும் கட்டாயம் இருக்கட்டும். உட்கருவை நீலமாக்கும் ஹெமடாக்சிலின் சாயத்தையும் இளநீலமாகவே நிறுத்துங்கள், மிஞ்சினால் உட்கருவின் மெல்லிய பழுப்பை மறைத்துவிடும்.

பாரஃபின்:
தெளிவாயிற்று. சைட்டோபிளாசத்துக்கு வரம்பு எங்கே வைப்பது?

நுண்ணோக்கி:
உயிர்வாழ்வுத் தரவைத் திறப்பதற்கு முன்பே முடிவுசெய்து எழுதி வையுங்கள். பல வரம்புகளை முயன்று, புள்ளியியல் பி மதிப்பு (p-value) குறைவாக வருவதைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த நோயாளிக் குழுவில் அது நிற்காது. எச்-ஸ்கோரைத் தொடர் எண்ணாகவே உயிர்வாழ்வைப் பகுத்தாயும் காக்ஸ் மாதிரியில் இடுவது இன்னும் நல்லது. கட்டியின் அளவு, கிரேடு, நிணநீர்க் கணு, இஆர், ஹெர்2 ஆகியவையும் உடன் இருக்கட்டும். நோய்ப்போக்கு தெரியாத இருவர் தனித்தனியே மதிப்பெண் இட வேண்டும். கருத்து அதிகம் மாறுபடுவது சைட்டோபிளாசத்தில்தான் என்பதால், இருவரின் மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கப்பா மதிப்பை அதற்குத் தனியாகக் கணக்கிடுங்கள்.