யுஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும் வீடியோ பதிவுச் சில்லு: எதை வாங்கலாம்?

செம்பனைக்காரன் (சுங்கை சிப்புட், மலேசியா):

வணக்கம். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களை என் தகப்பனார் 1990களில் விஎச்எஸ் ஒளிநாடாவில் பதிவு செய்து வைத்தார். தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்களும் இடிக்கப்பட்டுவிட்டதால், அந்த இடத்தைப் பார்க்க இன்று அந்த 23 நாடாக்களை விட்டால் வேறு வழியில்லை. அவற்றைக் கணினியில் ஏற்றுவதற்கு 35 வெள்ளி கொடுத்து ஒரு யுஎஸ்பி பதிவுக் கருவி வாங்கினேன். என் பழைய மடிக்கணினியில் ஒரு போர்ட்தான் வேலை செய்கிறது என்பதால், ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும், தனி மின்இணைப்பு இல்லாத சிறிய ஹப் ஒன்றில் கருவியையும் வெளிவட்டையும் (தனியே செருகும் வன்வட்டு) சேர்த்துச் செருகியிருக்கிறேன். பத்து நிமிடம் ஒழுங்காக ஓடியபின் படம் தாவுகிறது; உறுமி மேளச் சத்தம் ஒரு பக்கமும் கை அசைவு ஒரு பக்கமுமாகப் போய்விடுகிறது. கருவி தொட்டால் சுடுகிறது. கடைக்காரர், “இது மின்சாரம் அதிகம் இழுக்கும் சில்லு, குறைந்த மின்சாரச் சில்லு உள்ளதை வாங்குங்கள்” என்றார். அப்படிப்பட்ட சில்லுகள் எவை? எச்டிஎம்ஐ வகைக் கருவி இதைவிட நல்லதா?

சால்டர்கம்பி (கூலிம்):

கடைக்காரர் சொன்னதில் பாதிதான் சரி. இத்தகைய கருவிக்குள் பொதுவாக இரண்டு வேலைகள் நடக்கின்றன. வீடியோ பிளேயரிலிருந்து வரும் அலைவடிவச் சமிக்ஞையை எண்களாக மாற்றுவது டிகோடரின் வேலை. அந்த எண்களை யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்புவது இணைப்புச் சில்லின் வேலை. சில கருவிகளில் இரண்டும் ஒரே சில்லில் அடங்கியிருக்கும்.

பிலிப்ஸ் நிறுவனத்தின் எஸ்ஏஏ7113 டிகோடர் 3.3 வோல்ட்டில் இயங்கி அரை வாட்டுக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிவிபி5150 வெறும் 32 கால்களைக் கொண்டது. வழக்கமான பயன்பாட்டில் ஏறத்தாழ 115 மில்லிவாட்தான் அதன் தேவை. யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட் வரை தரும் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். டிகோடரை மாற்றி நீங்கள் மிச்சம் பிடிப்பது சில்லறைக்காசு. உங்கள் ஹப்பில் பெரிய வாயைத் திறப்பது அந்த வெளிவட்டு. அது சுழலத் தொடங்கும் வேளையில் மட்டும் 500 மில்லிஆம்பியரைத் தாண்டிவிடக்கூடும்.

மின்சாரத்தைவிட நெருக்கடியானது தரவு செல்லும் பாதை. நம் நாட்டில் அன்று வழங்கிய பால் (PAL) தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 படங்கள், ஒவ்வொன்றும் 720க்கு 576 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 20.7 மெகாபைட் வருகிறது. வீடியோ போன்றவற்றுக்காக யுஎஸ்பி 2.0 ஒதுக்கும் நேரங்காக்கும் பாதை ஒன்றின் உச்சவரம்போ நொடிக்கு 24.6 மெகாபைட்தான். மேலும் அந்தப் பாதையில் ஒரு துண்டு தவறினால் மீண்டும் அனுப்பப்படுவதில்லை, போனது போனதுதான். அருகிலேயே வட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது படம் தாவாமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன். வட்டைக் கழற்றிவிட்டு, கருவியை நேராகப் போர்ட்டில் செருகி, உள்வட்டில் பதிந்து பாருங்கள். செலவு ஒன்றுமில்லை.

நாடாப்பிரியன் (பீடோர்):

மேலே சொன்னவருடன் ஒத்துப்போகிறேன், ஆனால் நாடாவையும் சந்தேகியுங்கள். பழைய விஎச்எஸ் நாடாவில் படத்தின் ஒவ்வொரு வரியும் ஒரே நேர அளவில் வருவதில்லை. தொலைக்காட்சிப் பெட்டி அதைப் பொறுத்துக்கொள்ளும். மலிவான டிகோடர் பொறுக்காமல் முழுப் படத்தையே விட்டுவிடும். பிரித்தறிய எளிய வழி உண்டு: அதே நாடாவை இரண்டு முறை ஓட்டுங்கள். தாவல் ஒரே இடத்தில் வந்தால் குற்றம் நாடாவுடையது, வெவ்வேறு இடங்களில் வந்தால் யுஎஸ்பியுடையது.

இன்னொன்று. நம் ஈரக்காற்றில் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் ஓட்டினால் நாடாவைப் படிக்கும் பிளேயர் தலை அழுக்கேறி, அடுத்த நாடாவுக்கும் பரவும்.

செம்பனைக்காரன்:

இருவருக்கும் நன்றி, ஐயா. எச்டிஎம்ஐ பற்றி மட்டும் பதில் வரவில்லையே?

சால்டர்கம்பி:

மன்னிக்கவும். மலிவான எச்டிஎம்ஐ கருவிகள் பலவற்றில் இருப்பது எம்எஸ்2109 சில்லு. பெரிய படத்தை அதே யுஎஸ்பி 2.0 பாதையில் அனுப்ப வேண்டியிருப்பதால், படங்களை ஒவ்வொன்றாகச் சுருக்கித்தான் அது தரும். உங்கள் பிளேயரில் எச்டிஎம்ஐ இல்லாததால் இடையில் ஒரு மாற்றுப்பெட்டியும் வேண்டும். அது ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறிமாறி வரும் பின்னலைக் கலைத்துப் படத்தை வலிந்து பெரிதாக்கிவிடும். உங்கள் நாடாக்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செம்பனைக்காரன்:

நேற்றிரவு வட்டைக் கழற்றிவிட்டு நேராகச் செருகினேன். சுருக்காமல் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 75 கிகாபைட் வேண்டும் என்பதால், தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்யுவி முறையில் பதிந்தேன். இரண்டு நாடாக்கள் ஒரு தாவலும் இன்றி முடிந்தன. கருவி சுடுவது மட்டும் மாறவில்லை. மூன்றாவதில் தீமிதி தொடங்கும் இடத்தில் இரண்டு முறையும் அதே நொடியில் படம் கிழிந்தது. ஆக, அது நாடாவின் கோளாறு. புதுக் கருவி வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். பீடோர் ஐயா, பூஞ்சணத்தைத் துடைக்க உலர்ந்த துணி போதுமா, இல்லை ஆல்கஹால் தொட வேண்டுமா?