கடற்கரை ஓவியத்தில் ஆட்கள் ஒட்டவே மாட்டேன் என்கிறார்கள்

வணக்கம். இரண்டு வருடமாக வாட்டர்கலரில் இயற்கைக் காட்சிகள் வரைகிறேன். வானம், கடல், பனைமரம் எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது, ஆனால் ஆட்களை வைத்தால் மட்டும் வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல நிற்கிறார்கள். போன ஞாயிறு மாமல்லபுரம் கடற்கரையில் வலை இழுக்கும் நாலு பேரை வரைந்தேன், தூரத்தில் இருப்பவர் கிட்டத்தில் இருக்கும் படகைவிடப் பெரிசு!

நாம் நின்றபடி பார்த்தால், சமதரையில் நிற்கும் எல்லோருடைய தலையும் ஏறக்குறைய தொடுவானக் கோட்டில்தான் வரும், தூரம் போகப்போகக் கால்தான் மேலே ஏறும், அது தெரியும். ஆனால் கடற்கரை மணல் சரிவாயிற்றே, தண்ணீர் ஓரத்தில் நிற்பவர் தலையைக் கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறக்குவது? கண்ணளவுதானா, ஏதாவது கணக்கு உண்டா?

அப்புறம், உடம்பு ஏழரைத் தலை உயரம் என்று தெரிந்தும், உருவம் சின்னதானால் என் பிரஷ்ஷில் தலை பூசணிக்காய் ஆகிவிடுகிறது. வெள்ளை பனியனுக்கு மாஸ்கிங் ஃப்ளூயிட் (வண்ணம் படாமல் மறைத்து, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) போட்டுக் காகிதத்தையே விட்டுவைக்கிறீர்களா, இல்லை கடைசியில் வெள்ளை கூவாஷா (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான வாட்டர்கலர்)? நான் கூவாஷ் வைத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. காலடி நிழலை உருவம் ஈரமாக இருக்கும்போதே இழுத்துவிட வேண்டுமா?

படிப்படியாக எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள், புண்ணியமாகப் போகும்.