ட்ரக் கேம்பருக்கு ‘அம்பாரி’

கெப் (பிக்கப்) வண்டியின் பின்தட்டில் ஏற்றிச் செல்லும் தங்கும் அறைதான் ட்ரக் கேம்பர். அதற்கு ‘அம்பாரி’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். வந்த கேள்விகளுக்குப் பதில்:

> ‘நகர்வீடு’ போதாதா?

போதாது. காரவனும் நகர்வீடுதான், ஆனால் அதற்குச் சொந்தச் சில்லு உண்டு. இதற்குச் சில்லே இல்லை. இறக்கி வைத்தால் நாலு காலில் நிற்கும். ஏற்றினால் கெப்பின் முதுகில் உட்காரும். யானைமேல் ஏற்றிக் கட்டுவது அம்பாரி. ‘கெப் அம்பாரி’ என்றால் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

சொல்லை ஏற்றும் வேலையில் வைத்தே சோதிப்போம். பின்கதவைக் கழற்றி, தட்டில் றப்பர் விரிப்புப் போட வேண்டும். வெறும் தகரத்தில் அம்பாரி வழுக்கும். கால்களாக நிற்கும் நாலு ஜக்கையும் மாறி மாறி, சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். ஒரு மூலையை மட்டும் தூக்கினால் பாரம் முழுக்க அந்தக் காலுக்கும் அதன் குறுக்கு மூலைக் காலுக்கும் போய், ஜக் பூட்டிய சட்டம் பிளக்கும். அம்பாரியின் அடிப்பக்கம் தட்டுக்கு மேலே இரண்டு அங்குலம் வந்ததும் கெப்பை நேராகப் பின்னுக்கு எடுங்கள். இடிபடும் இடம் தட்டுக்குள் புடைத்து நிற்கும் சில்லுமேடு (‘வீல் வெல்’லுக்கு இதுவும் என் பரிந்துரை). அமெரிக்கப் பெரிய பிக்கப்பில் இரு மேடுகளுக்கும் இடையே ஏறக்குறைய 50 அங்குலம். நம் டபுள் கெப்பில் அவ்வளவு இல்லை, தட்டு நீளமும் ஐந்தடி சொச்சம்தான். அங்கே செய்த அம்பாரியை அளக்காமல் வாங்கக் கூடாது.

பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் புவியீர்ப்பு மையக் குறி பின் அச்சுக்கு முன்னே விழ வேண்டும். பின்னே போனால் முன் சில்லுகளில் பாரம் குறைந்து ஸ்டியரிங் பிடி தளரும். தண்ணீர்த் தாங்கியையும் கணக்கில் எடுங்கள்: 100 லீற்றர் என்றால் 100 கிலோ. ‘புவியீர்ப்பு மையம்’ என்ற சொல் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, புதிதாக ஆக்க வேண்டாம்.

> அம்பாரி பாரசீக வழி வந்தது. டை-டவுனுக்கு என்ன?

அலுமாரியும் சன்னலும் போர்த்துக்கேயம். யாரும் வெளியே எறியவில்லை. அம்பாரியைக் கெப்போடு இழுத்துக் கட்டும் டை-டவுனுக்குக் ‘கச்சை’. யானைக்குக் கட்டும் கயிற்றுக்குப் பழைய பெயர். அதை இறுக்கும் டர்ன்பக்கிளின் ஒரு முனையில் வலப்புரி, மறுமுனையில் இடப்புரி. நடுவைத் திருகினால் இரண்டும் உள்ளே வரும். ஆகவே ‘இருபுரி முறுக்கி’. அளவு மீறி இறுக்கினால் கொளுவியே பிய்ந்து வரும், தளர்ந்தால் வளைவில் அம்பாரி ஆடும். முதல் சில பத்துக் கிலோமீற்றர் ஓடியதும் நிறுத்தி மறுபடி பாருங்கள்.

ஜக், ஜக்காகவே இருக்கட்டும். “முன் வலது உயர்த்தியை இறக்கு” என்று சொல்லி முடிப்பதற்குள் மூலை இடிபட்டிருக்கும்.

> கொழும்பில் டபுள் கெப்புக்குப் போடும் ஃபைபர் கெனப்பியும் அம்பாரியா?

இல்லை. அதற்குத் தரையுமில்லை, காலுமில்லை. தட்டின் விளிம்பில் கிளாம்ப் போட்டுப் பூட்டுவது. ‘தட்டுமூடி’ என்று வையுங்கள்.