எம்ஜிபி ஜிடி: லீவர் ஷாக்கை எடுத்துவிட்டு டெலஸ்கோபிக் போடலாமா?

வெள்ளைஜிடி:
வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன், 1972 எம்ஜிபி ஜிடி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), போன வருடம்தான் வாங்கினேன். வளைவின் நடுவே பள்ளம் வந்தால் பின்பக்கம் குதித்துப் பக்கவாட்டில் ஒரு சாண் நகர்ந்தது போல இருக்கிறது. சாமான் ஏற்றினால் எங்கோ 'டொக்' என்று இடிக்கிறது. வலது லீவர் ஷாக்கில் (குதிப்பை அடக்கும் ஷாக் அப்சார்பரின் பழைய நெம்புகோல் வகை) எண்ணெய் கசிந்து, தூசியோடு சேர்ந்து கரும்பசையாக அப்பியிருக்கிறது. மெக்கானிக் இரண்டையும் கழற்றிவிட்டு டெலஸ்கோபிக் (குழாய் வடிவ ஷாக்) கிட் போடச் சொல்கிறார். பந்தயமெல்லாம் கிடையாது, வார இறுதியில் பீக் டிஸ்ட்ரிக்ட் போய்வர வேண்டும், அவ்வளவுதான்.

பழையசாவி:
அவசரப்பட்டு கிட் வாங்காதீர்கள். வண்டியின் எடையைத் தாங்குவது ஷாக் இல்லை, லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டைப் பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங். அந்த 'டொக்' பெரும்பாலும் ஸ்பிரிங் தொய்ந்து ஆக்சில் (பின்சக்கர அச்சு) மேலே இருக்கும் ரப்பரில் முட்டுகிற சத்தம்தான். சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மேலே பாடியின் ஆர்ச் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள்.

பக்கவாட்டில் நகர்வதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது புஷ்களை, அதாவது ஸ்பிரிங் முனைகளில் இருக்கும் ரப்பர் உறைகளை. இந்த வண்டியில் பான்ஹார்ட் ராடு கிடையாது, ஆக்சிலை இடம்வலம் போகாமல் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த இரண்டு ஸ்பிரிங்தான், அதனால் முன்கண் (ஸ்பிரிங்கின் முன்முனை வளையம்) புஷ் கிழிந்தாலோ பின்னால் சேகிள் (பின்முனையைப் பிடிக்கும் இணைப்பு) ரப்பர் தேய்ந்தாலோ நேராக உங்கள் முதுகுக்குத் தெரியும். ஸ்பிரிங் மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள், ஜிடிக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள், ரோட்ஸ்டருக்கு (கூரை திறக்கும் எம்ஜிபி) வேறு. முக்கியமாக ஒன்று: ஜாக்கியில் தொங்கும்போது கண் போல்ட்டை இறுக்கிவிடாதீர்கள். சக்கரம் தரையில் நின்று எடை இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கம், இல்லையென்றால் புது ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.

இருகதவு:
நான் டெலஸ்கோபிக் போட்டு ஆறு வருடம் ஆகிறது, எனக்குப் பிடித்திருக்கிறது. என் கிட் பிராக்கெட் பழைய ஷாக்கின் துளைகளிலேயே உட்கார்ந்தது, எதையும் வெட்டவில்லை, நாளைக்கே பழையபடி ஆக்கலாம். ஆனால் முதலில் கடினமான செட்டிங்கில் வைத்து ஓட்டியபோது பின்பக்கம் முன்பைவிட அதிகமாகக் குதித்தது, மிருதுவாக்கிய பிறகுதான் சரியானது. தேய்ந்த ஸ்பிரிங்மேல் இதைப் போட்டால் காசுதான் வீண். உங்கள் ஓட்டத்துக்குப் புதுப்பித்த லீவர் ஷாக்கே தாராளம். எண்ணெய் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், தண்டும் சீலும் தேய்ந்திருந்தால் ஊற்றியது மறுபடி வெளியேதான் வரும். காயில் ஸ்பிரிங், ஐஆர்எஸ் (பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் சஸ்பென்ஷன்) என்று போகிற எண்ணம் இருந்தால், சஸ்பென்ஷன் வகையையே மாற்றுவது எம்ஓடி விலக்கை (பழைய வண்டிக்கு வருடாந்திரச் சோதனையிலிருந்து கிடைக்கும் விலக்கு) பாதிக்கலாம், விதியை முதலில் படித்துவிடுங்கள்.

வெள்ளைஜிடி:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று அளந்தேன், வலது பக்கம் 20 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. முன்கண்ணில் கடப்பாரையை வைத்து நெம்பினால் ஸ்பிரிங் கண்ணெதிரே அசைகிறது, புஷ்ஷில் ரப்பர் பாதிதான் மிச்சம். ஒரு ஜோடி ஸ்பிரிங், எல்லா புஷ்களும், புதுப்பித்த லீவர் ஷாக் இரண்டும் ஆர்டர் செய்துவிட்டேன். ஆன்டி டிராம்ப் பாரும் (ஆக்சில் முறுக்கித் துள்ளாமல் பிடிக்கும் கம்பி) சேர்த்துப் போட வேண்டுமா?

பழையசாவி:
எஞ்சின் கம்பெனியில் வந்தபடியே 1798 சிசி என்றால் வேண்டாம். ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பேடையும், இரண்டையும் சேர்த்து இறுக்கும் புது யூ போல்ட்டையும் சேர்த்து வாங்குங்கள், கொஞ்சதூரம் ஓட்டியபின் யூ போல்ட்டை மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.