புதுப்பிப்பு: எட்டு த்ரெட் போட்டும் மெதுவாக ஓடிய நிரல், காரணம் கிடைத்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போன வாரம் கேட்டது இதுதான்: கோத்தகிரி பக்கம் சோலைக்காட்டில் பதிவு செய்த பறவை ஒலிக் கோப்புகளில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சத்தம் உள்ள இடங்களை எண்ணும் சி++ நிரல். ஒரு த்ரெட்டில் (நிரலுக்குள் மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடக்கூடிய ஒரு வேலை இழை) 40 நொடி, எட்டு த்ரெட்டில் 65 நொடி. ஏன் இப்படி?

சிபியு சூடாகி வேகம் குறைகிறதோ என்று முதலில் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் விரல் விறைக்கிற குளிர் இங்கே. கடிகார வேகம் இறங்கவே இல்லை.

'பெர்ஃப் சி2சி' (கோர்கள் ஒரே கேஷ் வரிக்குப் போட்டியிடும் இடங்களைக் காட்டும் லினக்ஸ் கருவி; கோர் என்பது சிபியுவுக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி) ஓட்டிப் பாருங்கள் என்றவர்தான் சரியாகப் பிடித்தார். த்ரெட்டுக்கு ஒன்றாகத் தனித்தனி அட்டாமிக் எண்ணிதான் (பல த்ரெட்கள் தொட்டாலும் கணக்கு தவறாத மாறி) வைத்திருந்தேன், ஆனால் எட்டும் ஒரே அரேயில் (மாறிகளின் வரிசை) அடுத்தடுத்து. ஒன்று 8 பைட், எட்டும் சேர்ந்து 64 பைட். என் இன்டெல் சிபியுவில் ஒரு கேஷ் வரியின் (நினைவகத்திலிருந்து சிபியுவின் வேகமான கேஷுக்கு ஒரே தடவையில் வரும் துண்டு) அளவும் அதேதான். ஒரு கோர் தன் எண்ணியில் எழுதியதும், மற்ற கோர்களிடம் உள்ள அந்த வரியின் பிரதி முழுவதுமே செல்லாததாகிவிடும். யாரும் யாருடைய எண்ணையும் தொடவில்லை, ஆனாலும் வரி கோருக்குக் கோர் அலைந்துகொண்டே இருந்திருக்கிறது. ஃபால்ஸ் ஷேரிங் என்பது இதுதான்.

ஒவ்வொரு எண்ணியும் தனி 64 பைட் இடத்தில் தொடங்கும்படி அலைன்ஆஸ்(64) போட்டேன். 7 நொடி!

எதிர்பாராதது ஒன்று: தங்கையின் எம்1 மேக்கில் அந்தத் திருத்தம் அவ்வளவாக உதவவில்லை. அங்கே கேஷ் வரி 128 பைட், அதனால் இரண்டிரண்டு எண்ணிகள் இன்னும் ஒரே வரியில்தான். அப்புறம், இன்னொருவர் சொன்னபடி, த்ரெட்டுக்குள் சாதாரண மாறியில் எண்ணி, முடிவில் ஒரே தடவை அரேயில் எழுதினேன். இப்போது இரண்டு கணினியிலும் நன்றாக ஓடுகிறது. இதே சிக்கலில் இருப்பவர்கள் முதலில் இதையே செய்யுங்கள். வரியின் அளவைத் தேடவே வேண்டியதில்லை.