யூ வில் நெவர் வாக் அலோன்: லிவர்பூலுக்கு எப்படி வந்தது இந்தப் பாட்டு?

ஆறாவது கோல்:
நேற்று ராத்திரி இங்கிலாந்தின் லிவர்பூல் அணியின் கால்பந்து ஆட்டம் பார்த்தேன். தொடங்கும் முன் அவர்களுடைய ஆன்ஃபீல்டு மைதானத்தில் எல்லோரும் சிவப்பு ஸ்கார்ஃபை விரித்துப் பிடித்து இந்தப் பாட்டைப் பாடினார்கள். பத்து வருடமாகக் கேட்கிறேன், இன்னமும் புல்லரிக்கிறது. ஆனால் பாட்டில் பந்தும் இல்லை, லிவர்பூலும் இல்லை, புயலில் நடப்பதைப் பற்றித்தான் வருகிறது. இது எப்படி இவர்கள் பாட்டானது?

பழைய ரெக்கார்டு:
அது துக்க வீட்டுப் பாட்டு நண்பரே. 1945இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'கரூசல்' என்ற இசை நாடகத்தில் வருவது. ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசை, ஆஸ்கர் ஹாமர்ஸ்டீன் வரிகள். கதையில் ஜூலி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது கணவன் செத்துப்போகிறான், அவளைத் தேற்ற உறவுக்காரப் பெண் நெட்டி பாடுகிறாள். 1963இல் லிவர்பூல் பையன்களான ஜெரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் இதைப் பாடி வெளியிட்டார்கள். அவர்களுடைய முதல் மூன்று இசைத்தட்டுகளும் பிரிட்டனில் முதலிடம் பிடித்தன, இது மூன்றாவது.

கோப் கேலரி:
மைதானத்துக்கு வந்த கதையை நான் சொல்கிறேன். அப்போதெல்லாம் ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் அந்த வாரத்து முதல் பத்துப் பாட்டுகளைப் போடுவார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் 'கோப்' பகுதியில் அந்தக் காலத்தில் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும், தோளோடு தோள் இடித்து நிற்கிற கூட்டம் எந்தப் பாட்டு வந்தாலும் கூடவே பாடும். பட்டியலிலிருந்து இது இறங்கிய பிறகும் அவர்கள் விடவில்லை, தாங்களாகவே பாடினார்கள் என்று பழைய ரசிகர்கள் சொல்வார்கள். மெதுவான மெட்டு, கீழே தொடங்கி மேலே மேலே ஏறுகிறது, சுருதி சேராதவன் பாடினாலும் கூட்டத்தில் கரைந்துவிடும்.

ஆறாவது கோல்:
துக்கப் பாட்டு என்பது இன்றைக்குத்தான் தெரியும். செல்டிக், டார்ட்மண்ட் மாதிரி வேறு அணிகளின் ரசிகர்களும் பாடுகிறார்களே?

கோப் கேலரி:
ஆமாம், ஃபெயனூர்டும் பாடுகிறது. ஆனால் லிவர்பூலில் அதன் கனமே வேறு, ஏனென்றால் 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை என்ற இங்கிலாந்துக் கால்பந்துப் போட்டியின் அரையிறுதியின்போது நெரிசலில் சிக்கி 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள், அதில் கடைசியானவர் காயங்களோடு வாழ்ந்து 2021இல்தான் இறந்தார். பழியைக் காவல்துறை ரசிகர்கள் மேலேயே போட்டது. ரசிகர்கள் மேல் தவறில்லை என்று விசாரணை ஜூரி சொல்ல 2016 ஆகிவிட்டது! அத்தனை வருடமும் நினைவுக் கூட்டங்களில் அந்தக் குடும்பங்களோடு நின்று ஊர் பாடியது இதைத்தான். அந்த ஏப்ரலில், நான்கு நாள் கழித்து, இத்தாலியின் மிலான் நகரத்து ரசிகர்கள் தங்கள் சான் சீரோ மைதானத்தில் ரியல் மாட்ரிட்டோடு ஆட்டம் நடக்கும்போது இதைப் பாடினார்கள். எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

பழைய ரெக்கார்டு:
நெட்டி ஜூலிக்குப் பாடியதும் இதே போலத்தானே. நான் இதை முடிச்சுப் போட்டே பார்த்ததில்லை.

ஆறாவது கோல்:
சரி, நாடகத்தில் வருகிற மாதிரி எங்கே கேட்கலாம்?

பழைய ரெக்கார்டு:
1956இல் 'கரூசல்' படமாக வந்தது, அதில் கிளாராமே டர்னர் பாடியிருப்பார். முதலில் அதைக் கேளுங்கள், அப்புறம் ஜெரி.