புழுத்தொட்டியில நாத்தம், புழுவெல்லாம் மூடிக்கு ஏறி வருது, காப்பாத்த முடியுமா?

செடிப்பிரியை:

எல்லாருக்கும் வணக்கம். மண்புழு உரத் தொட்டி வச்சு ரெண்டு மாசம் ஆகுது, இதான் முதல் தடவை. ரெண்டு அடுக்கு பிளாஸ்டிக் தொட்டி, மேல் தொட்டிக்கு அடியில ஓட்டை போட்டு, கீழ இருக்கறதுல தண்ணி வடியற மாதிரி வச்சிருக்கேன். நியூஸ்பேப்பரைக் கிழிச்சு கோகோபீட்டோட (தேங்கா நார்த் தூள்) நனைச்சுப் போட்டு படுக்கை, அதுல அரை கிலோ புழு விட்டேன். முதல்ல பயந்து பயந்து ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி காய்கறி, பழத் தோல் தான் போட்டேன், அவ்ளோ அழகா போச்சு, மூடியைத் திறந்தா மழை பெஞ்ச மண்ணு வாசனை தான் வரும், பிள்ளைங்களைக் கூப்பிட்டுக் காட்டுவேன்.

நல்லா தானே போகுதுன்னு கடைசி மூணு வாரமா வீட்டுல சேர்ற எல்லாத்தையும் போட ஆரம்பிச்சேன், நாங்க அஞ்சு பேர், ஒரு நாளைக்கு முக்கால் கிலோ வரும். மீந்த சமைச்ச சாப்பாடும் நாலஞ்சு தடவை போட்டிருக்கேன். இப்ப பத்து நாளா அழுகின முட்டை நாத்தம். ராத்திரி பாத்தா மூடிக்கு உள்பக்கம் புழு கொத்துக் கொத்தா ஒட்டிக்கிட்டு இருக்கு, காலையில தரையில நாலஞ்சு காஞ்சு சுருண்டு கெடக்கு, பாக்கவே மனசு கேக்கல. வெள்ளை நூலைத் துண்டு துண்டா வெட்டிப் போட்ட மாதிரி குட்டிப் புழு வேற நிறைய இருக்கு, அது குட்டியா இல்ல வேற எதாச்சுமான்னு தெரியல. ஓரத்துல செம்பழுப்பா ஊசிமுனை அளவு பூச்சி ஊருது. ஒரு புழுவுக்கு உடம்பு பூரா பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சா வீங்கி இருந்துச்சு.

கீழ் தொட்டியில சேந்த பழுப்புத் தண்ணியை வெர்மிவாஷ்னு நெனச்சு ரெண்டு செடிக்கு ஊத்தினேன், ஒண்ணுல இலை ஓரமெல்லாம் கருகிடுச்சு.

எல்லாத்தையும் கொட்டிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா, இல்ல இருக்கற புழுவைக் காப்பாத்த முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

நாங்கூழ்:

கொட்டிடாதீங்க சகோதரி. மூடிக்கு ஏறி வர்ற தெம்பு இருக்கு, அதனால காப்பாத்திடலாம், ஆனா இன்னைக்கே கை வைக்கணும்.

முதல்ல சாப்பாடு போடறதை நிறுத்துங்க, குறைக்கறது இல்ல, சுத்தமா நிறுத்துங்க. கையுறை போட்டுக்கிட்டு அடி வரைக்கும் மெதுவா புரட்டிப் பாருங்க, எங்கயாச்சும் கறுப்பா, கொழகொழன்னு, நாத்தம் புடிச்ச கட்டி இருக்கும், மீந்த சாப்பாடு போட்ட இடமா தான் இருக்கும், அதை அப்படியே அள்ளி வெளிய எடுத்துடுங்க. தொட்டியில பாதி இடத்தைக் காலி பண்ணி அங்க புதுப் படுக்கை போடுங்க, மெழுகு பூசாத பழுப்பு அட்டைப்பெட்டியைக் கையால கிழிச்சுப் போட்டாலே போதும், லேசா ஈரம் தொட்டு. மிச்சப் பாதியில காஞ்ச அட்டையைக் கலந்து விடுங்க, அது தண்ணியை இழுத்துக்கும். கீழ் தொட்டித் தண்ணியைக் கொட்டிட்டு ஓட்டை அடைச்சிருக்கான்னு ஒரு குச்சியால குத்திப் பாருங்க, பாதிப் பேருக்கு அங்க தான் பிரச்சனையே.

ஏன் இப்படி ஆச்சுன்னா, புழுவுக்குப் பல்லு கிடையாது. நாம போடற தோலை அது நேரா கடிச்சுத் திங்கறதில்ல. முதல்ல பாக்டீரியாவும் பூஞ்சையும் வந்து தோலை இளக்கணும், அந்தக் கூழையும் அதுல இருக்கற நுண்ணுயிரையும் சேத்து தான் புழு உள்ள இழுக்குது. ஒரு நாளைக்குத் தன் எடையில பாதி திங்கும்னு எல்லா இடத்துலயும் சொல்றாங்க இல்லையா, அது எல்லாம் சரியா அமைஞ்சு பழகின தொட்டிக்கு. ரெண்டு மாசத் தொட்டிக்கு அதுலயும் பாதி தான் நான் சொல்வேன், அப்ப உங்க அரை கிலோ புழுவுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம். நீங்க போட்டது 750 கிராம்!

அதை விட முக்கியம் தண்ணி. காய்கறி, பழத் தோல்ல நூத்துக்கு எண்பது பங்குக்கு மேல தண்ணி தான். மூணு வாரம், நாளைக்கு முக்கால் கிலோன்னா 15 கிலோ கிட்ட வருது, அதுல 12 லிட்டர் தண்ணி. நீங்க ஒரு சொட்டு ஊத்தாமலே 12 லிட்டர் உள்ள போயிருக்கு, பிளாஸ்டிக்ல அது ஆவியாகவும் வழியில்ல. புழு தோல் வழியா தான் மூச்சு விடுது, அதுக்கு தோல் ஈரமா இருக்கணும், ஆனா அந்த ஈரத்துல காத்தும் இருக்கணும். நீங்க சொல்ற முட்டை நாத்தம் காத்தே இல்லாம அழுகும்போது வர்றது. அதான் காத்து தேடி மூடிக்கு ஏறுது.

ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிங்க. ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தா சரியான ஈரம், தாரையா ஒழுகினா ஜாஸ்தி. நான் இன்னைக்கும் சாப்பாடு போடறதுக்கு முன்னாடி இதைத் தான் செய்யறேன்.

தப்பிச்சுப் போகாம இருக்க மேல ஒரு லைட் போட்டு வைக்கலாம், வெளிச்சம் பட்டா புழு கீழ இறங்கிடும். ஆனா படுக்கையைச் சரி பண்ணதுக்கு அப்புறம் மட்டும் செய்யுங்க. உள்ள மூச்சு விட முடியாத இடத்துல லைட்டைப் போட்டு அடைச்சு வச்சா அது கொல்றதுக்குச் சமம்.

மாடிப்பந்தல்:

நாங்கூழ் அண்ணா சொன்னது எல்லாம் சரி, அந்த வெள்ளைப் புழுவைப் பத்தி மட்டும் சேத்துச் சொல்றேன். அது குட்டி இல்லங்க, பாட்வார்ம்னு வேற ஒரு இனம். மண்புழுக் குட்டியும் வெளுப்பா தான் இருக்கும், ஆனா உத்துப் பாத்தா உடம்புக்குள்ள செவப்பா ஒரு ரத்தக் குழாய் கோடு ஓடும். இது முழுக்க பால் வெள்ளையா இருக்கும். புழுவை ஒண்ணும் பண்ணாது, ஆனா இது பெருகினா தொட்டி புளிச்சுப் போச்சுன்னு அர்த்தம். அந்தச் செம்பழுப்புப் பூச்சி மைட், அதுவும் ஈரமும் புளிப்பும் ஜாஸ்தியானா வர்றது தான். நனைச்ச பிரெட் துண்டை மேல வச்சா ராத்திரி அதுல வந்து அப்பிக்கும், காலையில அப்படியே எடுத்துடுங்க, நாலு நாள் செஞ்சா நல்லா குறையும்.

புளிப்புன்னு சொன்னதும் யாராச்சும் உங்களை சுண்ணாம்பு போடச் சொல்வாங்க, தயவுசெஞ்சு போடாதீங்க. எனக்கு அப்படித் தான் ஒருத்தர் சொன்னாரு, நானும் நம்பி ரெண்டு கரண்டி நீத்த சுண்ணாம்பைத் தூவி விட்டேன். மறுநாள் காலையில மேலாப்புல இருந்த புழு எல்லாம் வெளுத்துச் சுருண்டு கெடந்துச்சு, பாதிக்குப் பாதி போச்சு. ஈரத் தோல்ல காரமான சுண்ணாம்பு பட்டா வெந்து போயிடும், அது எனக்கு அப்ப தெரியல. அதுக்குப் பதிலா முட்டை ஓட்டைக் கழுவிக் காய வச்சு மிக்சியில மாவா அரைச்சு வாரம் ஒரு ஸ்பூன் தூவுங்க. புளிப்பை மெதுவா தான் எடுக்கும், ஆனா அந்தப் பொடி புழுவோட அரைவைப்பையில போய் அரைக்கிற கல்லு மாதிரி வேலை செய்யும், அதனால எப்பவுமே போட்டுக்கிட்டு வரலாம்.

பாசிமணி மாதிரி வீங்கின புழு பொழைக்காதுங்க, மன்னிச்சுக்கங்க. சத்து அதிகமான, சமைச்ச சாப்பாடு வயித்துக்குள்ள நொதிச்சு வாயு ஆகறதுன்னு சொல்வாங்க. அந்தச் சாப்பாட்டை எடுத்துட்டா மத்ததுக்கு வராம இருக்கும். உப்பும் புழுவுக்கு ஆகாது, அதனால சமைச்சது எதுவுமே வேணாம்.

அந்தத் தண்ணி வெர்மிவாஷ் கிடையாது. நல்லா இருக்கற படுக்கை வழியா நல்ல தண்ணியை மெதுவா இறக்கி எடுக்கறது தான் வெர்மிவாஷ். உங்களுது அழுகினதுல இருந்து வடிஞ்ச கசிவு. செடிக்கு ஊத்தாம இருக்கறது நல்லது, பச்சையா சாப்பிடற கீரை பக்கம் கொண்டு போகவே வேணாம். கருகின செடிக்கு நல்ல தண்ணி தாராளமா விட்டு வேர் பக்கம் அலசி விடுங்க.

ஈரமண்:

எந்தப் புழுன்னு யாருமே கேக்கலையே? ஸ்கூல்ல உழவனின் நண்பன்னு படிச்சமே, அது மண்ணைத் தோண்டி ஆழமா போற வகை, அதைத் தோட்டத்துல இருந்து புடிச்சுட்டு வந்து தொட்டியில விட்டா தங்காது. தொட்டிக்கு மேலாப்புல குப்பையைத் திங்கற வகை தான் வேணும். ஐசீனியா ஃபெடிடான்னா செவப்புல மஞ்சள் வளையம் வளையமா தெரியும், 15ல இருந்து 25 டிகிரி வரைக்கும் சொகமா இருக்கும். யூட்ரிலஸ் கொஞ்சம் பெருசு, ஊதா கலந்த பளபளப்பு, சூடு தாங்கும், குளிர் ஆகாது. பெரியானிக்ஸ்னு ஒண்ணு, நீலமா மின்னும், தொட்டா துள்ளித் துள்ளி ஓடும், அது மழை வர்றதுக்கு முன்னாடி தொட்டி நல்லா இருந்தாலும் கும்பலா வெளிய கெளம்பிடும். உங்களுது அதா இருந்தா ஓட்டத்தை வச்சு மட்டும் தொட்டி கெட்டுப் போச்சுன்னு முடிவு பண்ண முடியாது. உங்க விஷயத்துல நாத்தமும் இருக்கறதால காரணம் சந்தேகமே இல்ல.

அப்புறம் நடுவுல கையை விட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கா? மொத்தமா பச்சைக் கழிவு சேந்தா உள்ளயே சூடு ஏறும், 35 டிகிரி தாண்டினா எந்த வகையும் தாங்காது.

நாங்கூழ் அண்ணா கிட்ட ஒரே ஒரு விஷயத்துல எனக்கு வேற கருத்து. அடி வரைக்கும் புரட்டறது இந்த ஒரு தடவைக்கு சரி, ஆனா அதையே பழக்கமா வச்சுக்காதீங்க. அடிக்கடி கிளறினா புழு மெரண்டு போகும். அன்னாடம் மூடியைத் திறந்து பாக்கறதும் அப்படித் தான், எனக்கு அந்த ஆசையை அடக்கவே ஆறு மாசம் ஆச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை பாத்தா போதும்.

மிச்சம் வர்ற தோலை என்ன பண்றதுன்னு யோசிப்பீங்க. பொடியா நறுக்கி ஃப்ரீசர்ல வச்சிடுங்க. உறைஞ்சு எளகும்போது தோல் தானா கூழாயிடும், பழ ஈ முட்டை இருந்தாலும் பெரும்பாலும் செத்துடும், நல்லா குளிர் விட்டதும் போட்டா புழு சீக்கிரம் வந்து மேயும். அப்பவும் மிஞ்சினா பக்கத்துலயே சாதாரண கம்போஸ்ட் தொட்டி ஒண்ணு வைங்க. அஞ்சு பேர் கழிவை அரை கிலோ புழு தலையில கட்டறது நியாயம் இல்ல.

செடிப்பிரியை:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரியே உக்காந்து எல்லாத்தையும் எடுத்தேன். அடியில நீங்க சொன்ன மாதிரியே தேங்கா சைஸுக்கு ஒரு கறுப்புக் கட்டி, அதைச் சுத்தி ஒரு சாண் தூரத்துக்கு ஒரு புழு கூட இல்ல. ஓட்டையில நாலுல மூணு பேப்பர் கூழால அடைச்சு இருந்துச்சு. பிழிஞ்சு பாத்தேன், விரல் சந்துல தாரையா ஒழுகுச்சு. புழு செவப்பு தான், மஞ்சள் வளையம் இருக்கு. ஒரு சந்தேகம், புதுப் படுக்கையில எதுவுமே இல்லாம பட்டினி கெடக்காதா?

நாங்கூழ்:

கெடக்காதும்மா. அட்டையே அதுக்குச் சாப்பாடு தான், மிச்சம் இருக்கற பாதி அழுகினதும் இருக்கு. ரெண்டு வாரம் ஒண்ணும் போடாட்டி ஒண்ணும் ஆகாது. பழைய படுக்கையில நாத்தம் இல்லாத பகுதியில ரெண்டு கை எடுத்து புதுசுல கலந்து விடுங்க, நுண்ணுயிர் பரவட்டும். அப்புறம் போடும்போது ஒரு மூலையில மட்டும் புதைச்சு அட்டையால மூடுங்க, அது முக்கால்வாசி காணாம போன அப்புறம் தான் அடுத்த மூலை.

செடிப்பிரியை:

12 நாள் கழிச்சு எழுதறேன். நாத்தம் மூணாம் நாளே குறைஞ்சு ஆறாம் நாள் சுத்தமா போயிடுச்சு. லைட் ரெண்டு ராத்திரி தான் போட்டேன், இப்ப மூடியில ஒண்ணு கூட இல்ல. மைட் கொஞ்சம் இருக்கு, வெள்ளைப் புழு பாதியா குறைஞ்சிருக்கு. 10ஆம் நாள் ஒரு கைப்பிடி பழத் தோல் உறைய வச்சு எடுத்துப் போட்டேன், இன்னைக்கு அட்டையைத் தூக்கிப் பாத்தா அதுக்கு அடியில முப்பது நாப்பது புழு ஒண்ணு மேல ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கு.

ஒண்ணு கேக்கணும். அட்டை மடிப்புக்குள்ள எலுமிச்சை மாதிரி ரெண்டு பக்கமும் கூரா, மிளகை விட சின்னதா உருண்டை உருண்டையா இருக்கு. சிலது வெளிர் மஞ்சள், சிலது அடர் பழுப்பு. இதுவும் எதாச்சும் பூச்சியா?

ஈரமண்:

அது முட்டைக்கூடுங்க! தொட்டி புழுவுக்குப் புடிச்சுப் போச்சு. மஞ்சளா இருக்கறது புதுசு, கருஞ்செவப்பா மாறினது பொரியப் போறது. அந்த மாதிரி ஒண்ணை எடுத்து உள்ளங்கையில ஒரு சொட்டுத் தண்ணி விட்டு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, உள்ள செவப்பு நூல் மாதிரி நெளியறது தெரியும். பிள்ளைங்களுக்கும் காட்டுங்க. ஒரு கூட்டுல பெரும்பாலும் ரெண்டு மூணு குட்டி வரும், பொரிய மூணு வாரம் போல ஆகும், குட்டி வளந்து அதுவே முட்டை போட இன்னும் ஒண்ணரை ரெண்டு மாசம். பாத்துட்டு எடுத்த இடத்துலயே வச்சு அட்டையை மூடிடுங்க.